கணுவைப் பாருங்கள்: செடியை அடையாளம் காண்பதும் கன்று எடுப்பதும்

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மதுரைப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. போன புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் கையில் ஒரு கண்ணாடி பாட்டிலோடு மாடிக்கு வந்தாள். "அங்கிள், இதைக் கொஞ்சம் பாருங்களேன். நாலு மாசமா இலை வாடவே இல்ல. அடியில வேர்கூட வந்திருக்கு. ஆனா ஒரு கொழுந்துகூட விடமாட்டேங்குது" என்றாள்.

பாட்டிலில் ஒரே ஒரு மணிபிளான்ட் இலை. நீளக் காம்பு, காம்பின் அடியில் நூல் போல நான்கைந்து வெள்ளை வேர். கொடியோடு காம்பு சேரும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே யாரோ கிள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கணு வரவில்லை. மணிபிளான்டில் கணு இல்லாத இலை தண்ணீரில் மாசக்கணக்கில் பச்சையாக இருக்கும், சிலசமயம் வேரும் விடும். ஆனால் கடைசிவரை அது இலைதான். புதுக் கொழுந்து புறப்பட வேண்டிய மொட்டு கணுவில்தான் இருக்கிறது.

அன்றைக்கு அவளைத் தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போய்ச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து பெங்களூர் அல்சூருக்கு வந்த குடும்பம். ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. மாடியில் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியும் மண் தொட்டியுமாக நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் காசு கொடுத்து வாங்கிய செடி ஏழோ எட்டோதான். மற்றதெல்லாம் குச்சியாகவும் விதையாகவும் வந்து சேர்ந்தவை.

கணு என்றால் என்ன என்று பொங்கலுக்குக் கரும்பு கடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல் இறங்காத அந்த வளையத்தை அடுத்த முறை கடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு பக்கத்தில் சின்னப் பரு மாதிரி ஒரு முளை இருக்கும். அதையொட்டிச் சுற்றிலும் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை தெரியும். முளை மேலே வளர்வதற்கு, புள்ளிகள் கீழே வேர் விடுவதற்கு. மல்லிக் கொடியிலும் செம்பருத்திக் கிளையிலும் இலை கொம்போடு சேரும் இடம் எல்லாமே கணுதான். கரும்பு அளவுக்குப் பளிச்சென்று தெரியாது, அவ்வளவுதான்.

செடியின் பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, கன்று எடுப்பது இன்னொரு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலை. கணுவில் எத்தனை இலை, தண்டு உருண்டையா சதுரமா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசனை என்று பார்க்கிறோமே, அதில் பெயரும் கிடைத்துவிடும், எப்படிப் பெருக்குவது என்பதும் கிடைத்துவிடும்.

பெயரை மட்டும் நம்பினால்

'மல்லி' என்று கேட்டால் ஒரு ஊரில் பூவைக் கொடுப்பார்கள், இன்னொரு ஊரில் கொத்தமல்லியைக் கொடுப்பார்கள். கற்பூரவல்லி என்பது சளிக்குக் கஷாயம் வைக்கும் இலை, அதே பெயரில் வாழைப்பழமும் இருக்கிறது. மருதாணி, மரிக்கொழுந்து இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் இதோடு கன்னடப் பெயரும் சேர்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டு அம்மா கேட்கும் தொட்டபத்ரே நம் கற்பூரவல்லி. கீரைக்காரம்மா ஒந்தெலக என்று கூவுவது வல்லாரை. கணிகே சொப்பு என்றால் மணத்தக்காளிக் கீரை, ஹொன்னகொன்னே என்றால் பொன்னாங்கண்ணி, நுக்கே என்றால் முருங்கை. இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் கீரைக்கட்டோடு உங்களுக்கு நாற்றும் கிடைத்துவிடும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

போனில் படம் எடுத்துப் பெயர் கேட்பதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். நானும் செய்கிறேன். ஆனால் இலை நுனியை மட்டும் எடுத்துக் கேட்டால் அது ஏதோ ஒன்றைச் சொல்லும். கணு தெரியும்படி ஒரு படம், இலையின் பின்பக்கம் ஒன்று, பூவோ காயோ இருந்தால் அது ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு நேரில் சரிபாருங்கள். பெங்களூரில் இதற்கு லால்பாக்கை விட நல்ல இடம் இல்லை. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் அது. மரங்களில் தாவரவியல் பெயரோடு பலகை மாட்டியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போய், பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே பெயரைச் சொல்லிப் பாருங்கள், பிறகு கையை எடுங்கள். என் பேரனுக்கு நான் மரம் கற்றுக்கொடுத்தது இப்படித்தான்.

இலை அடுக்கைப் பார்க்கப் பழக இந்த ஊர்ச் சாலை மரங்களே போதும். 1908இல் இங்கே வந்து லால்பாக்கின் பொறுப்பைப் பார்த்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து முடிந்தால் அடுத்தது பூக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்து நடவைத்தார். மாசி, பங்குனியில் ஊதாவாகப் பூக்கும் ஜகரண்டாவையும் சித்திரை, வைகாசியில் சிவப்பாகப் பூக்கும் குல்மொஹரையும் பூவோடு பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். பூ இல்லாதபோது இரண்டுக்கும் ஒரே மாதிரி இறகு இலை. அப்போது கணுவைப் பாருங்கள். ஜகரண்டாவில் கிளையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே ஜோடியாக இலை புறப்படும், சிற்றிலை நுனி கூராக இருக்கும். குல்மொஹரில் ஒரு கணுவுக்கு ஒரே இலை, மாறி மாறி வரும், சிற்றிலை நுனி மழுங்கி இருக்கும். எதிரெதிரா, மாறி மாறியா என்ற இந்த ஒரு கேள்வியே பாதிச் செடிகளைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

சதுரத் தண்டு

துளசிக் கிளை ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். உருளாது. நான்கு மூலை விரலில் தட்டும். இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடிக்கு அடுத்தது குறுக்காக வரும். புதினாவும் திருநீற்றுப்பச்சிலையும் தும்பையும் கற்பூரவல்லியும் துளசிக்குச் சொந்தக்காரர்கள்தான். சதுரத் தண்டு, ஜோடி இலை, கசக்கினால் கமகமவென்று வாசனை மூன்றும் சேர்ந்திருந்தால் அநேகமாக இந்தக் குடும்பம். இவற்றில் பெரும்பாலானவை குச்சியிலிருந்து சுலபமாக வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது. முதல் முயற்சி பிழைத்தால் கைக்குத் தைரியம் வரும்.

புதினாவுக்கு நர்சரி போக வேண்டியதில்லை. மார்க்கெட் கட்டில் தண்டு தடித்து, அடியில் ஊதா ஏறியிருக்கும் குச்சிகளாக ஆறேழு பொறுக்குங்கள். இலையைச் சட்னிக்கு எடுத்துக்கொண்டு நுனியில் நான்கு இலையை மட்டும் விடுங்கள். கீழ்க் கணுவுக்கு அடியில் நறுக்கி, இரண்டு கணு தண்ணீருக்குள் இருக்கும்படி டம்ளரில் வையுங்கள். இலை தண்ணீரில் படக் கூடாது, அழுகிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வேர் வரும். வேர் ஓர் அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரிலேயே விட்டுவைத்து வேர் சடை போட்டபின் மாற்றினால் மண்ணில் திணறும். புதினா பக்கவாட்டில் ஓடுகிற செடி. ஆழத் தொட்டியை விட உடைந்த பிளாஸ்டிக் டப் அதற்குப் பொருத்தம். கால் நாள் வெயில் போதும்.

கற்பூரவல்லிக்குத் தண்ணீர்கூட வேண்டாம். நான்கு விரல் நீள நுனியைக் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு மண்ணில் செருகினால் போதும். அதற்கு அதிகமாக ஊற்றித்தான் கொல்கிறோம். துளசியில் பூங்கதிர் வராத இளங்கிளையாகப் பார்த்து எடுங்கள். விதை போடுவதானால் மண்ணின் மேல் தூவி விரலால் அழுத்தினால் போதும், ஆழமாகப் புதைத்தால் முளைக்காது.

வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெற்றிலை மூன்றும் வேறு குடும்பங்கள். ஆனால் கணுவே தரையைத் தொட்டு வேர் விடும் ஜாதி. வெற்றிலைக் கணுவில் ஒட்டுவேர் முன்கூட்டியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பொன்னாங்கண்ணிக் கட்டை ஆய்ந்தபின் தூக்கிப்போடும் தண்டை மூன்று கணு மூன்று கணுவாக நறுக்கிச் சாய்த்து நட்டுவிடுங்கள். இலை ஜோடியின் இடுக்கில் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெள்ளைப் பூங்கொத்துதான் அதற்கு அடையாளம்.

மல்லிக் குச்சி

என் மனைவிக்குப் பூ தலையில் இல்லாமல் விடிய முடியாது. அதனால் எங்கள் மாடியில் அதிகத் தொட்டி மல்லிக்குத்தான். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த மல்லி என்று பாருங்கள். குண்டுமல்லிக்கு ஜோடி ஜோடியாகத் தனி இலை, அகலமாக, நரம்பு பள்ளமாக இறங்கியிருக்கும். ஜாதிமல்லிக்கு ஓர் ஈர்க்கில் ஏழு சிற்றிலை மாதிரி வரும். முல்லை இலையின் அடியில் இரண்டு பக்கமும் காது போல மிகச் சின்னதாக ஒரு ஜோடி இருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பூ இல்லாதபோதும் முல்லையை மறக்கமாட்டீர்கள். குளிர்காலத்தில் இந்த ஊர்ப் பூக்கடைகளில் குவியும் காக்கடாவுக்கு இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமம் இருக்கும், வாசனை குறைவு.

குச்சி எடுக்க ஆடி, ஆவணி சரியான காலம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்னது குச்சிக்கும் பொருந்தும். பெங்களூரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் ஈரம் இருக்கும், வெயில் அடங்கியிருக்கும். வேர் இல்லாத குச்சிக்கு அந்த ஈரக்காற்றுதான் உயிர். மார்கழிக் குளிரில் நட்டால் குச்சி தூங்கும். சித்திரையில் நட்டால் மாடிச் சூட்டில் இரண்டே நாளில் கருகிவிடும்.

கொடி நுனியின் பச்சைக் கொழுந்து வேண்டாம். அடியில் சாம்பல் பட்டை ஏறிய முற்றின கொம்பும் வேண்டாம். நடுப்பகுதியை வளைத்துப் பாருங்கள். முதலில் வளையும், இன்னும் கொஞ்சம் வளைத்தால் 'டக்' என்று ஒடியும். அந்த இடம்தான் வேண்டும். பென்சிலில் பாதி தடிமன், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. கடைசிக் கணுவுக்குக் கால் அங்குலம் கீழே சாய்வாக வெட்டுங்கள், மேல் முனையை நேராக வெட்டுங்கள். சாய்வு அடி, நேர் தலை என்று இருந்தால் நடும்போது தலைகீழாகாது. தலைகீழாக நட்ட குச்சி உருப்படாது.

கத்தரிக்கோல் தண்டை இரண்டு பக்கமும் நசுக்கும். நசுங்கின இடத்தில் அழுகல் பிடிக்கும். நான் இரும்பு அறுக்கும் பழைய அக்ஸா பிளேடை உடைத்துச் சாணை பிடித்து, பிடிக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டினால் கிழியாமல் வெட்ட வேண்டும், அந்தக் கூர்மை. உங்களிடம் புது ஷேவிங் பிளேடு இருந்தால் அதுவும் போதும். அடுப்புத் தீயில் ஒரு தடவை காட்டி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். வெட்டின முகத்தைப் பாருங்கள். வெளியே பழுப்புப் பட்டை, அதற்கு உள்ளே நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பச்சை வளையம், நடுவில் வெளிர் கட்டை. அந்தப் பச்சை வளையத்தையொட்டித்தான் வேர் புறப்படும். அது நசுங்காமல், காயாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

கீழ் இரண்டு கணுவின் இலையை எடுத்துவிடுங்கள். மேலே நிற்கும் இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். வேர் இல்லாதபோது முழு இலை குச்சியின் ஈரத்தை இழுத்து ஆவியாக்கிவிடும். இலையே இல்லாவிட்டாலும் வேர் விடுவதற்கு உணவு போதாது. அதனால்தான் பாதி.

குச்சி நடும் கலவையில் உரம் கூடாது. பாதி தேங்காய் நார்த் தூள், பாதி பருமணல். நார்த்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு தடவையாவது அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் எடுத்தால் தண்ணீர் தெளியும்வரை கழுவி மாவுத்தூளைப் போக்கிவிடுங்கள். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் இரண்டு மூன்று சொட்டுத்தான் விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். குச்சியை நேராகக் குத்தாதீர்கள், பட்டை உரியும். பென்சிலால் குழி செய்து, அதில் இரண்டு கணு இறங்கும்படி வைத்து, சுற்றி விரலால் அழுத்துங்கள்.

இதற்கு ஜூஸ் கடையில் கொடுக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டம்ளரைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அடியில் மூன்று ஓட்டை போட்டு, வெளியே பேப்பர் சுற்றி வெளிச்சத்தை மறைத்துவிடுவேன். வாரம் ஒருமுறை பேப்பரை விலக்கிப் பார்த்தால் வேர் தெரியும். இப்படிச் செய்யாவிட்டால் கை சும்மா இருக்காது, குச்சியை இழுத்துப் பார்க்கத் தோன்றும். இழுத்தால் அப்போதுதான் வந்த வேர் அறுந்துபோகும். புதுத்தளிர் வந்துவிட்டது என்று ஏமாறவும் வேண்டாம். தண்டில் சேர்ந்திருக்கும் சத்தை வைத்தே குச்சி ஒரு தளிர் விட்டுவிடும், கீழே வேர் இருக்காது. டம்ளரின் சுவரில் வேர் தெரிந்தபின் நம்புங்கள்.

மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் வடக்கு நிழல். இரண்டு நாளுக்கு ஒருமுறை பையைத் தூக்கிக் காற்றாட விடுங்கள். மல்லிக்கு ஐந்தாறு வாரம் ஆகும். பத்துக் குச்சி நட்டால் ஐந்தாறு பிழைக்கும், எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். அதனால் ஒரே குச்சியை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். வேர்விடும் மருந்துத் தூள் கடையில் கிடைக்கும், வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் செடிக்கு அது உதவும். தேன், கற்றாழைச் சாறு, பட்டைத்தூள் எல்லாம் தடவிப் பார்த்தேன், தடவாத குச்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

வெட்டவே மனம் வரவில்லையா, பதியன் போடுங்கள். தாய்க்கொடியின் நீண்ட கிளையைத் தணித்து, ஒரு கணுவின் அடிப்பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணில் அந்தக் கணுவைப் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். தாயிடமிருந்து பால் குடித்துக்கொண்டே அது வேர் விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து நடுவே வெட்டிப் பிரிக்கலாம். பதியனில் தோற்பது அபூர்வம்.

ரோஜாவில் நான் பட்டது

சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சரியில் நல்ல சிவப்பு ரோஜா ஒட்டுச்செடி, அதாவது காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் ஒட்டியது, வாங்கினேன். முதல் இரண்டு மாதம் பூத்தது. பிறகு அடியிலிருந்து ஒரு கிளை சரசரவென்று ஏறியது. பச்சையாக, தடியாக, ஆள் உயரத்துக்கு. செடி நன்றாக வருகிறது என்று சாணி உரம், எலும்புத்தூள் எல்லாம் வைத்து இரண்டு வருடம் வளர்த்தேன். ஒரு மொட்டு இல்லை. வாங்கின சிவப்பு ரோஜா பக்கத்தில் கருகிப்போயிருந்தது. நான் வளர்த்தது ஒட்டுக்கு அடியிலிருந்து வந்த காட்டு ரோஜா. அந்தச் செடியை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

ஒட்டு ரோஜா வாங்கியதும் தண்டின் அடியில் ஒரு முடிச்சுப் போலப் புடைத்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே வருவது உங்கள் ரோஜா. கீழேயோ மண்ணுக்குள்ளிருந்தோ வருவது வேறு. ஐந்து சிற்றிலை இருந்தால் நல்லது, ஏழு இருந்தால் காட்டுச்செடி என்று சொல்வார்கள். அது எல்லா ரோஜாவுக்கும் சரிவராது. எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் உறுதியான அடையாளம். புறப்படும் இடம்வரை மண்ணைத் தோண்டி, அந்தத் தளிரை அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் மறுபடி முளைக்கும். பன்னீர் ரோஜாவைச் சொந்த வேரில் குச்சி நட்டே வளர்க்கலாம், அதில் இந்தத் தொல்லை இல்லை.

பால் வடியும் செடிகள்

நந்தியாவட்டை, பொன்னரளி, கள்ளி, ஈழத்தலரி என்னும் பிளுமேரியா இவற்றைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். குச்சி எடுத்தால் பால் நிற்கும்வரை கழுவி, வெட்டுவாய் உலர்ந்தபின் நட வேண்டும். பிளுமேரியாவை ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்து நட்டால்தான் அழுகாது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அரளி, பொன்னரளி இரண்டுமே கடும் விஷம், பொன்னரளி விதை உயிரை எடுக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டு மாடியில் அரளி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கீரையாகவோ மருந்தாகவோ சாப்பிடப் போகும் செடியை அரைகுறையாக அடையாளம் கண்டு வாயில் வைக்காதீர்கள். கீழாநெல்லி என்று நினைத்துப் பிடுங்கினால் இலைக்கு அடியில் வரிசையாகச் சின்னக் காய் தொங்குகிறதா என்று திருப்பிப் பாருங்கள். கிள்ளிப் பாருங்கள், பால் வந்தால் அது கீழாநெல்லி இல்லை. சந்தேகம் தீரவில்லையா, விட்டுவிடுங்கள். இன்னொன்று, விலைக்கு வாங்கும் செம்மண்ணில் பார்த்தீனியம் விதை வரும். முளைத்த புதிதில் செவ்வந்தி நாற்று மாதிரி, தரையோடு தரையாக இலை பரப்பும். ஆசையாக வளர்த்துவிடாதீர்கள். பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

கருவேப்பிலை

கீழ்வீட்டுப் பெண் கடைசியில் கேட்டது இதைத்தான். "அங்கிள், கருவேப்பிலைக் குச்சி ஒண்ணு வெட்டிக் குடுங்க, நட்டுக்கறேன்."

"குச்சியில வராதும்மா. வந்தாலும் நூத்துல ஒண்ணு" என்றேன்.

ஓர் ஈர்க்கு கருவேப்பிலையை ஒடித்து அவள் கையில் கொடுத்தேன். அதில் பதினைந்து இருபது இலை இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்தது ஒரே இலை. நாம் ஆய்ந்து தாளிப்பதெல்லாம் சிற்றிலை. எப்படித் தெரியும் என்றால், சிற்றிலைகளின் இடுக்கில் மொட்டு இருக்காது. ஈர்க்கு தண்டோடு சேரும் இடுக்கில்தான் இருக்கும். அடுத்து அதை வெயிலுக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். ஊசியால் குத்தின மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரியும், அவை வாசனை எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். பறவை எச்சம் மாதிரி இருக்கும் புழு இரண்டையும் தேடி வருவது அதனால்தான். அது வளர்ந்து பட்டாம்பூச்சி ஆகும். செடி பெரிதாக இருந்தால் நான் விட்டுவிடுவேன், கன்றாக இருந்தால் எடுத்து எலுமிச்சைத் தொட்டியில் விடுவேன்.

தாவரவியலில் இதற்கு முர்ராயா கோனிகி என்று பெயர். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்து, 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்த கோனிக் என்பவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நம் ரசத்தில் மிதக்கும் இலைக்குத் தரங்கம்பாடித் தொடர்பு இருப்பது எனக்குச் சந்தோஷம்.

கன்று எடுக்க இரண்டு வழி. பெரிய மரத்தின் சுற்றுவேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றை, கொஞ்சம் வேரோடு மழை நாளில் வெட்டி எடுக்கலாம். இல்லாவிட்டால் விதை. ஆடி, ஆவணியில் பழம் கருத்து மின்னும். அன்றே பறித்து, பிதுக்கி, சதையைக் கழுவிவிட்டு, அந்த வாரத்துக்குள் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் விதை செத்துவிடும். ஒருமுறை டப்பாவில் இரண்டு மாதம் வைத்திருந்து முப்பது விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. புதிதாகப் போட்டது மூன்று நான்கு வாரத்தில் வரும்.

நாற்று ஒரு விரல் உயரம் ஆனதும் ஒரு லிட்டர் பைக்கு மாற்றலாம். இப்போதுதான் உரம் சேர்ந்த மண் தேவை. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒன்று, நார்த்தூள் ஒன்று. மாற்றின ஒரு வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதற்குப் பிறகு முழு வெயில். குச்சியில் வந்த மல்லிக்கும் இதே வரிசைதான். பாலிதீன் பையை ஒரே நாளில் எடுக்காமல், முனையைக் கத்தரித்துச் சில நாள் விட்டு, பிறகு எடுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, 2024 கோடையில் இங்கே தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அன்று முதல் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மாடிக்குக் கொண்டுபோகிறோம். உப்போ சோப்போ சேராததாக இருக்க வேண்டும், அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கரைய இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

கருவேப்பிலைக் கன்றில் முதல் வருடம் இலை பறிக்காதீர்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். கீழே ஈர்க்கு இடுக்குகளில் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் இரண்டு மூன்று கிளையாகப் புறப்படும். அதற்குப் பிறகும் சிற்றிலையை உருவாமல், ஈர்க்கோடு அடியில் ஒடித்து எடுங்கள். கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த நாற்று இப்போது அவள் பால்கனியில் ஐந்து ஈர்க்கு விட்டிருக்கிறது. பக்கத்திலேயே, ஒரு கணுவோடு நான் வெட்டிக் கொடுத்த மணிபிளான்ட், அதே பாட்டிலில், மூன்றாவது இலையைச் சுருள் பிரித்துக்கொண்டிருக்கிறது.